மேற்குப் பக்கத்துப் படங்கு

கற்பிட்டியில் மழை வருமா வராதா என்று தெரிந்துகொள்ள வானத்தைப் பார்ப்பவர்கள் குறைவு. பதுர்தீன் நாநாவின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். கதிரை, கூடாரம், சோறாக்கும் கிடாரம், பலர் சேர்ந்து தின்கிற சஹன் தட்டு என்று கல்யாண வீட்டுச் சாமான்களை வாடகைக்கு விடுகிற மனிதர் அவர். இறங்குதுறைக்குப் போகிற றோட்டில், களப்பைப் பார்த்தபடி அவருடைய கடை. முப்பது வருடமாக ஊராரின் விருந்துக்குத் திறந்த வெளியில் பந்தல் போடுகிறவருக்கு வானத்தைப் பற்றி நாலு விஷயம் தெரிந்திருக்கத்தானே வேண்டும். "ளுஹர் தொழுகைக்கு முந்தி ஒரு பாட்டம் பெய்யும், பொறகு வெளிச்சிரும்" என்பார். அப்படியே பெய்யும், அப்படியே வெளிக்கும். வெங்காயத் தோட்டக்காரர் முதல் கருவாடு காயப்போடுகிற பெண்கள் வரை அந்தப் பக்கம் போகும்போது கடைக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டே போவார்கள்.

அந்த நல்ல பெயரில் பாதிதான் அவருடையது. இது ஊருக்குத் தெரியாது. தெரியாதபடி அவர் பார்த்துக்கொண்டார்.

மற்றப் பாதி அவருடைய தம்பி இப்றாஹிமுக்குச் சேர வேண்டியது. கற்பிட்டிக்குக் கிழக்கே களப்பு, மேற்கே பெருங்கடல். கடை வாசலில் நின்றால் களப்புப் பக்கத்து வானம் மட்டும்தான் ஒழுங்காகத் தெரியும். மேற்கைத் தென்னந்தோட்டங்கள் மறைத்துவிடும். இப்றாஹிமோ கண்டக்குழிக் கரையில் படகு வைத்திருப்பவன். முன்பு மீனுக்குப் போனான், இப்போது டொல்பின் பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரரை ஏற்றிப் போகிறான். விடிய முன் கடலுக்குப் போய் ஒன்பது மணிக்குத் திரும்பினால் நேராக நாநாவின் கடைக்கு வந்து பால் விடாத ஒரு பிளேன்டீ குடிப்பான். அலை எப்படி வந்தது, மேற்கில் மேகம் எங்கே நின்றது, காற்று எப்போது திரும்பியது என்று கதையோடு கதையாகச் சொல்லிவிட்டுப் போவான். பதுர்தீன் அதையும் களப்புப் பக்கத்தையும் கூட்டிப் பார்த்து, பத்து மணிக்கு மேல்தான் ஊருக்கு வாய் திறப்பார். கேட்டவர்கள் எல்லோரும் அவருக்கு என்ன அறிவு என்று வியந்தார்கள். அவரும் அதை மறுக்கவில்லை.

நாலு வருடத்துக்கு முன், இதே டிசம்பர் மாதம், இப்றாஹிமின் மகள் ஸஃப்னாவுக்குக் கல்யாணம். பந்தல் பெரியப்பாவுடையது. "அஸர் தொழுகை வரைக்கும் ஒரு துளி வுழாது" என்று பதுர்தீன் அடித்துச் சொன்னார். அந்த நம்பிக்கையில் தகரம் போடாமல் வெறும் அலங்காரத் துணியைக் கட்டிவிட்டார். சஹன் மூடிகளைத் திறந்து எல்லோரும் கை வைத்த நேரம் பார்த்து மேற்கிலிருந்து கொட்டியது. கால் மணித்தியாலம்தான். அதற்குள் நாற்பது சஹன் சோறும் கஞ்சியாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் தலையில் கைலேஞ்சித் துணியைப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். அவர்கள் முன்னால் வைத்து இப்றாஹிம் சொன்னான்:

"வானத்தப் பாக்கத் தெரியாட்டி நெலத்தப் பாத்து நடங்க நாநா."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் கதை இல்லை. பெருநாளைக்குக்கூடச் சின்னவன் வரவில்லை, பெரியவர் போகவில்லை. ஒன்பது மணி பிளேன்டீயும் நின்றது. பாதி வானத்தை வைத்துக்கொண்டு முழு வானத்துக்கும் பதில் சொல்லப் போய் பதுர்தீன் தொடர்ந்து சறுக்கினார். இப்போதெல்லாம் யார் கேட்டாலும், "பெஞ்சாலும் பெய்யும், பெய்யாட்டியும் செல்ல ஏலாது" என்று மழுப்பப் பழகிவிட்டார். றோட்டில் திரிகிற கழுதைகளைப் பார்த்தாலே மழையைக் கண்டுபிடித்துவிடலாம், அவை பஸ் தரிப்பிடத்துக்குள் ஒதுங்கினால் மழை, இல்லாவிட்டால் வெயில் என்று பெடியன்கள் அவர் காதுபடவே சொல்லிச் சிரித்தார்கள். உண்மையில் கழுதைகள் அவரைவிடக் குறைவாகத்தான் பிழைவிட்டன.

இப்படி இருக்கிற நிலைமையில்தான் அந்தத் திங்கட்கிழமை தங்கச்சி ஸுஹைரா கடைக்கு வந்தாள். மூன்று பேரில் அவள் கடைசி. அவளுடைய மகள் மர்ஷூதாவுக்கு வருகிற ஞாயிறு நிக்காஹ். மாப்பிள்ளைக்கு ஊர் தில்லையடி. முந்நூறு பேர் வருவார்கள், ஒரு சஹனுக்கு ஆறு பேர் வீதம் ஐம்பது சஹன். வீட்டைச் சுற்றிய வளவில் போட்டால் எல்லோரையும் ஒரே பந்தியில் இருத்தலாம். மத்ரஸா மண்டபம் என்றால் மழைக்குப் பயமில்லை, ஆனால் இருபத்தைந்து சஹன்தான் கொள்ளும். பாதிப் பேர் பசியோடு வெளியே காத்து நிற்க வேண்டும். தில்லையடிக்காரர் அதைப் பத்து வருடத்துக்குச் சொல்லிக் காட்டுவார்கள் என்பது ஸுஹைராவின் கவலை.

"வளவா மண்டபமா எண்டு வியாழக்கெழமைக்குள்ள செல்லிருங்க நாநா" என்றவள், படியிறங்கும்போது திரும்பி நின்றாள். "சின்ன நாநாவும் வருவாரு. அவருக்கிட்ட மழயப் பத்தி மட்டும் கதைக்க வேணாம்."

அன்றைக்கு வானத்தில் ஒரு பஞ்சு மேகம்கூட இல்லை. வெயில் முதுகைச் சுட்டது. பதுர்தீனுக்கு மட்டும் மழைப் பயம். இன்னொரு முறை இப்றாஹிமின் கண்ணெதிரே சஹனில் மழைத்தண்ணீர் விழுந்தால், தம்பி சொன்ன சொல் சரியென்று ஆகிவிடும். பிறகு இந்த ஊரில் கதிரை வாடகைக்கு விடலாம், தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

செவ்வாய் விடியும்போது களப்பு முழுக்கப் பனி மூட்டம். இறங்குதுறையில் கட்டியிருந்த வள்ளங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. பத்து மணிக்கு வெயில். இரண்டு மணிக்கு இடி. மூன்று மணிக்கு றோட்டில் முழங்கால் தண்ணீர். நாலரைக்கு ஒன்றுமே நடக்காதது போல மறுபடி வெயில். கட்டாரில் இருக்கிற ஸுஹைராவின் மூத்த மகன் ஃபோனில் அந்த வாரத்து வானிலைப் படம் ஒன்றை அனுப்பியிருந்தான். அதில் கற்பிட்டிக்குச் செவ்வாய்க்கிழமை சூரியன் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. பாலைவனத்தில் குந்திக்கொண்டு எனக்கு மழை படிப்பிக்கிறான் என்று பதுர்தீன் புறுபுறுத்தார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன போட்டிருக்கிறது என்று இரண்டு தரம் பார்த்தார். அரைச் சூரியன், அரை மேகம். அவரும் அதைத்தானே நாலு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

புதன்கிழமை வாடைக்காற்று பிடித்துக்கொண்டது. ஊர்ச் சனம் அலுமாரியில் கிடந்த கம்பளிச் சட்டைகளை எடுத்துப் போட்டது. மூன்று மாதக் குழந்தை முதல் மீன்கடைக்காரன் வரை எல்லோர் தலையிலும் தொப்பி. பனி நாட்டிலிருந்து வந்த ஒரு வெள்ளைக்காரச் சோடி மட்டும் அரைக் காற்சட்டையோடு ஐஸ்கிரீம் தின்றுகொண்டு போனது.

பதுர்தீன் காதைச் சுற்றி மப்ளரைக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார். மீன் வாங்கப் போவதாக மனைவி றஹ்மத் உம்மாவிடம் சொன்னார். இறங்குதுறையில் மீன் மலிந்து கிடக்கும்போது கண்டக்குழி வரைக்கும் போக வேண்டிய அவசியம் என்ன என்று அவள் கேட்கவில்லை. நாலு வருடமாக அவர் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்காதவர் என்பது அவளுக்குத் தெரியும்.

இப்றாஹிமின் படகில் இருபது வருடமாக வேலை செய்கிற ஸஜீத் கரையில் நின்றான். நரைத்த மீசைக்காரன், வாய் ஓயாதவன். பதுர்தீன் இரண்டு பாரை மீனைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே கடல் எப்படி என்று விசாரித்தார். டொல்பின் நூற்றுக்கணக்கில் வந்ததென்றான். ஒரு சீனாக்காரி வாந்தி எடுத்தாளென்றான். காற்று எப்படி என்று கேட்டார். காற்றுக்கு அவளுடைய தொப்பி போய்விட்டதென்றான். மேற்கில் மேகம் ஏதும் கண்ணில் பட்டதா என்று கடைசியில் கேட்டேவிட்டார். ஸஜீத் மீசையைத் தடவினான்.

"அத நேரா முதலாளிக்கிட்டக் கேளுங்களன் நாநா. அந்தா நிக்கிறாரு."

இருபது எட்டுத் தூரத்தில் இப்றாஹிம் இயந்திரத்தைக் கழுவிக்கொண்டு நின்றான். முதுகு இந்தப் பக்கம். கழுவி முடிந்த இயந்திரத்தை மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தான் என்பது பார்த்தாலே விளங்கியது. பதுர்தீன் வாயெடுத்தார். 'தம்பி' என்று ஒரு சொல்தான். அதைச் சொல்லியிருந்தால் போதும். அவர் இரண்டு பாரையையும் தூக்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளை நோக்கி நடந்தார்.

வீட்டில் றஹ்மத் உம்மா மீனை வாங்கிச் சட்டியில் போட்டாள். நேற்று வாங்கிய மீனே இன்னும் இருக்கிறதென்றாள். பிறகு, அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்:

"ஒங்கட தம்பி இல்லாம ஒங்களுக்கு மேக்குப் பக்கம் தெரியாது. அத ஒருக்கா வாயால செல்லிட்டா என்ன கொறஞ்சா போகும்?"

பதுர்தீன் மப்ளரை அவிழ்த்துக் கொடியில் எறிந்தார். கோபம் வந்தது. அவள் சொன்னது உண்மையாக இருந்ததால் வந்த கோபம்.

வியாழக்கிழமை கழுவித் துடைத்துவிட்ட மாதிரி வானம். ஸுஹைரா வந்து வாசலில் நின்றாள். மண்டபம் என்று சொன்னால் அவருக்குப் பாதுகாப்பு, அவளுக்குத் தலையிறக்கம். அவள் முகத்தைப் பார்த்தார். "வளவு" என்று சொல்லிவிட்டார். அவள் சந்தோஷமாகப் போன பிறகு, கடைக்குள்ளே போய்க் கதிரைகளுக்கு நடுவே கொஞ்ச நேரம் சும்மா குந்தியிருந்தார்.

வெள்ளி ஜும்ஆவுக்குப் போகும்போது தூறல். வரும்போது வெயில். செருப்பு காய முன் மறுபடி தூறல். சனி காலையில் அவரும் வேலைக்காரன் றிஸ்மினும் இன்னும் நாலு பேரும் ஸுஹைராவின் வளவில் பந்தல் போட இறங்கினார்கள். வாடை இன்னும் ஓயவில்லை. ஒரு கூடாரத் துணி கயிற்றை அறுத்துக்கொண்டு பறந்து போய் றோட்டில் நின்ற கழுதை ஒன்றின் மேல் விழுந்தது. சரிகை வைத்த சிவப்புத் துணி. கழுதை அதைப் போர்த்துக்கொண்டு பள்ளிவாசல் வரைக்கும் ஓடியது. மர்ஷூதாவுக்கு முந்தி இன்னொரு பெண் புறப்பட்டுவிட்டாள் என்று றோட்டே சிரித்தது. பதுர்தீனும் சிரித்தார், அந்த வாரத்தில் முதல் தடவையாக.

இந்த முறை மேலே தகரம் போட்டாயிற்று. இனிக் காற்றோடு பக்கவாட்டில் அடிக்கிற சாரல்தான் கவலை. டிசம்பர் மழை களப்புப் பக்கத்தால், கிழக்கால் வரும் என்று கிழக்குப் பக்கம் முழுக்கத் தடித்த தார்ப்பாய்ப் படங்கைக் கட்டினார்கள். ஒரு நீளப் படங்கு மிஞ்சியது. மேற்குப் பக்கத்துக்கும் அதைக் கட்டுவோமா என்று றிஸ்மின் கேட்டான். அந்தப் பக்கத்தையும் அடைத்தால் முந்நூறு பேரும் வெந்து போவார்கள் என்றார் பதுர்தீன். அது நியாயம்தான். ஆனால் சொல்லும்போது அவர் றிஸ்மினின் முகத்தைப் பார்க்கவில்லை. மேற்கை அடைத்தால் அந்தப் பக்கம் தனக்குத் தெரியாதென்று ஒப்புக்கொண்டதாகிவிடும். படங்கைச் சுருட்டி மேற்கு வேலியோரம் போட்டார்கள்.

ஞாயிறு. வெயில். பஸ் இரண்டும் வான் ஆறும் வந்து நின்றன. தில்லையடிக்காரர் அத்தர் வாசத்தோடு இறங்கினார்கள். ளுஹருக்குப் பிறகு நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. அதற்குள் ஒரு விஷயத்தைப் பதுர்தீன் கவனித்தார். நாலு நாளாக அடித்த வாடை நின்றுபோயிருந்தது. தென்னோலை ஒன்றுகூட அசையவில்லை. காற்று இப்படி ஒரேயடியாக விழுந்தால் அடுத்தது எங்கிருந்து வரும் என்று கேட்க அவருக்கு ஆள் இல்லை. கிழக்கே நூறு தரம் பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை.

பாய் விரித்து சஹன்கள் வந்தன. வீட்டுக்காரரின் ஆளாக ஓடித் திரிந்த பதுர்தீனை, தில்லையடிப் பெரியவர்கள் நாலு பேர் கையைப் பிடித்துத் தங்களோடு இருத்திக்கொண்டார்கள். மேற்கு வேலியோரம் கடைசி வரிசை. ஐந்து பேர். ஆறு பேர் சேராமல் சஹனின் மூடியைத் திறப்பதில்லை. மூடிக்குள்ளிருந்து நெய்யும் கோழியும் மணத்தன. பெரியவர்கள் மூடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஒரு ஆள், ஒரு ஆள்" என்று றிஸ்மின் கூவிக்கொண்டு திரிந்தான். எல்லோரும் இருந்தாயிற்று. அந்த நேரம் படலையைத் திறந்துகொண்டு ஒருவர் அவசரமாக வந்தார். கண்டக்குழியிலிருந்து வருகிற வழி, தலை இன்னும் ஈரம். றிஸ்மினுக்கு வந்தவர் யாரென்று யோசிக்க நேரமில்லை. கையைப் பிடித்து இழுத்து வந்து பதுர்தீனுக்குப் பக்கத்தில் இருத்திவிட்டான். இருத்திய பிறகுதான் முகத்தைப் பார்த்தான். பார்த்ததும் தண்ணீர் எடுக்கப் போகிறவன் போல மறைந்துவிட்டான்.

இப்றாஹிம் எழும்பப் பார்த்தான். பசித்த நாலு பெரியவர்களும் அவனைப் பார்த்த பார்வையில் திரும்பவும் இருந்துவிட்டான். மூடி திறந்தது. பிஸ்மில்லாஹ் சொல்லி ஆறு கையும் ஒரே தட்டில் இறங்கின. கை வைத்த பிறகு நடுவில் எழும்புவது வழக்கமில்லை.

அண்ணனும் தம்பியும் அவரவர் பக்கத்துச் சோற்றை மட்டும் தின்றார்கள். நடுவில் மஞ்சள் சோறு ஒரு வரப்பு மாதிரி நின்றது. தில்லையடிக்காரர் கத்தரிக்காயைப் புகழ்ந்தார்கள், அன்னாசி அச்சாற்றைப் புகழ்ந்தார்கள். இப்றாஹிம் நாலு வாய் தின்றிருப்பான். பிறகு சோற்றைப் பார்த்துக்கொண்டு, சோற்றுக்குச் சொல்வது போலச் சொன்னான்:

"காலைல மேக்கால நீள நீளமா அல வந்திச்சி. காத்து வுழுந்திரிச்சி. மேக்குப் பக்கம் படங்கு கட்டல்ல."

பதுர்தீன் நிமிர்ந்து பார்த்தார். வானம் வெள்ளை வெயிலில் காய்ந்தது. இப்போது எழும்பிப் படங்கு கட்டச் சொல்லி, மழை வராவிட்டால் முந்நூறு பேருக்கும் அவர் வேடிக்கை. அதுவும் யாருடைய பேச்சைக் கேட்டு? இவனுடைய பேச்சை. ஒரு கணம் இருந்துவிடத்தான் நினைத்தார். றோட்டில் மூன்று கழுதைகள் நடந்து வந்து, ஸுஹைரா வீட்டு மதிலின் கிழக்குப் பக்கத்தில், மேற்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒட்டி நின்றன.

அவர் எழும்பிவிட்டார். சோற்றுக் கையோடு எழும்பினார். கறி உறைப்போ என்று ஒரு பெரியவர் கவலையாகக் கேட்டார்.

"றிஸ்மின், அந்தப் படங்க எடு. மேக்குப் பக்கம். கெதியா."

பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. யாரோ சிரித்தார்கள். இந்த வெயிலிலா என்று ஒரு குரல். பதுர்தீன் காதில் வாங்காமல் இடது கையால் கயிற்றை இழுத்தார். வலது கையில் மஞ்சள் சோறு ஒட்டிக்கொண்டிருந்தது. கயிற்றின் மறு முனை தானாக இறுகியது. திரும்பினார். அந்த முனையில் இப்றாஹிம் நின்றான், அவனும் சோற்றுக் கையோடு.

கடைசி முடிச்சு விழுந்து இரண்டு நிமிடம் இருக்காது. தென்னந்தோட்டத்துக்கு மேலால் இருண்டு வந்து ஒரே மூச்சாக அடித்தது. படங்கு புடைத்து முன்னுக்கு வந்தது. இரண்டு பேரும் அதை முதுகால் அழுத்திக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். தகரத்தின் சத்தத்தில் யார் என்ன பேசினாலும் கேட்காது. அந்தச் சத்தத்தை நம்பித்தான் பதுர்தீன் வாயைத் திறந்தார். தம்பியின் காதுக்குக் கிட்டப் போய்ச் சொன்னார்:

"ஸஃப்னாட கல்யாணத்தண்டைக்கு நீ கடலுக்குப் போகல்ல. பொண்ணுட வாப்பா நீ, எப்படிப் போவாய். அதான் எனக்கு மேக்குத் தெரியாமப் போச்சி."

இப்றாஹிம் நழுவிய கயிற்றை இழுத்துப் பிடித்தான். படங்குக்கு மேலால் தெறித்த தண்ணீர் அவன் தாடியில் ஓடியது.

"அத நாலு வருசத்துக்கு முந்திச் செல்லி இரிக்கலாமே நாநா" என்றான். பிறகு, "நானும் அப்படிச் செல்லி இரிக்கப்படாது" என்றான்.

கால் மணித்தியாலத்தில் மழை ஓய்ந்தது. ஐம்பது சஹனில் ஒன்றிலும் ஒரு துளி விழவில்லை. இரண்டு பேரும் நனைந்த சேர்ட்டோடு வந்து தங்கள் இடத்தில் இருந்தார்கள். தில்லையடிக்காரர் வாய் ஓயாமல் பதுர்தீனைப் பாராட்டினார்கள். இப்படி ஒரு கணக்கைத் தாங்கள் கண்டதில்லை என்றார்கள். வெயில் எரியும்போது மழையைச் சொன்ன மனிதர் என்று பக்கத்து வரிசைக்கும் அறிமுகம் செய்தார்கள். சிரித்தவர்கள் இப்போது எட்டிப் பார்த்தார்கள். முப்பது வருடத்துப் பெயர் ஒரே மழையில் திரும்பி வந்து அவர் மடியில் விழுந்திருந்தது. எடுத்து வைத்துக்கொள்வதுதான் மிச்சம்.

பெண்கள் பக்கத்து வாசல் திரையை விலக்கிக்கொண்டு ஸுஹைரா தலையை நீட்டினாள். அவள் முகம் முழுக்கச் சிரிப்பு.

"பெரிய நாநா, நாளக்கி மாப்பிள்ள வீட்டுல விருந்து. அங்கயும் வளவுலதான். நாளக்கி மழயா?"

முந்நூறு பேரும் பதுர்தீனின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் சோற்றைப் பிசைந்தார்.

"எனக்குத் தெரியா" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "எனக்குக் களப்புப் பக்கம் மட்டுந்தான் தெரியும். மத்தப் பக்கம் எண்டைக்கும் தம்பி பாத்துச் செல்றதுதான். அவன் காலைல கடலுக்குப் போய் வந்து, கடைல பிளேன்டீ குடிச்சாப் பொறகு கேளுங்க."

இப்றாஹிம் தலையை நிமிர்த்தவில்லை. சஹனில் ஒரே ஒரு பெரிய கோழிக்கால் மிஞ்சியிருந்தது. பெரியவர்கள் நாலு பேரும் அதில் கண் வைத்திருந்தார்கள். அவன் அதை எடுத்து, நடுவில் நின்ற சோற்று வரப்பை உடைத்துக்கொண்டு, நாநாவின் பக்கம் தள்ளி வைத்தான்.

"பிளேன்டீக்குச் சீனி கொறச்சிப் போடச் செல்லுங்க" என்றான். "எனக்கு இப்ப சீனி வருத்தம்."